பதினோரு மாத டாக்டர்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் வேங்கிக்கால். முடிகிற இடம் என்று சொல்வதும் இப்போது பொருந்தாது. ஊர் வேங்கிக்காலைத் தாண்டியும் வளர்ந்துவிட்டது. 1989-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி வட ஆற்காட்டிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கலெக்டர் ஆபீசு இங்கே வந்தது. 2013-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும் வந்தது. அதற்கு முன்பெல்லாம் கொஞ்சம் பெரிய சீக்கு என்றால் வேலூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இன்று களம்பூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரும், ஆரணித் தறிகாரரும், கீழ்பென்னாத்தூர்க் கழனியில் கடலை பிடுங்கும் தாய்மாரும், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து இறங்கி வரும் மக்களும் சர்க்கார் ஆஸ்பத்திரி வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர்களில் ஒருவராவது, “எனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் நிரந்தரமா, தற்காலிகமா?” என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். கேட்கத் தோன்றாது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் குழாய், கையில் பேனா! அவ்வளவு போதும் நம் மக்களுக்கு. ஆனால், தோழர்களே, அந்தக் கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். ஏனென்றால் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் இருப்பவரும் நம்மைப் போன்ற ஒரு கூலிக்காரராகவே ஆக்கப்பட்டு வருகிறார். இந்தச் சேதி பல பேருக்குத் தெரியாது.

டாக்டர் பட்டம் வாங்கியவுடன் எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்து வைத்தியம் பார்த்துவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. பட்டம் ஒன்று, பதிவு ஒன்று, ஆஸ்பத்திரிக்குள் நோயாளியைத் தொடும் உரிமை வேறொன்று. 1914-ல் சென்னை ராஜதானியில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்த நாளிலிருந்து, பதிவேட்டில் பெயர் ஏறியவர்தான் டாக்டர். பதிவேட்டில் பெயர் ஏறினால் தம் வீட்டுத் திண்ணையில் பலகை மாட்டலாம். ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய் ஒரு கட்டிலருகே நின்று, “இவருக்கு இந்த ஊசி போடுங்கள்” என்று நர்சம்மாவிடம் சொல்ல வேண்டுமானால், அந்த ஆஸ்பத்திரி அனுமதி கொடுக்க வேண்டும்.

இந்த அனுமதியை ஒரு தனிச் சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கும் தேசம் அமெரிக்கா. அங்கே பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் தனியாருடையவை, தர்ம ஸ்தாபனங்களுடையவை. ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் அடங்கிய ஒரு கமிட்டி உண்டு. புதிதாக வருகிற டாக்டர் என்ன படித்தார், எங்கே பழகினார், எந்த அறுவையை எத்தனை முறை செய்தார், அவர்மேல் வழக்கு ஏதேனும் உண்டா என்றெல்லாம் அந்தக் கமிட்டி துருவித் துருவிப் பார்க்கும். அவர் நீட்டுகிற காகிதத்தை நம்பாமல், அவர் படித்த கல்லூரியையே நேரில் கேட்கும். கடைசியில் இன்னின்ன வைத்தியம் செய்யலாம், இன்னின்னது கூடாது என்று எழுதிக் கொடுக்கும். குடல்வால் அறுக்கலாம் என்று உரிமை பெற்றவர் இருதயத்தில் கை வைக்க முடியாது.

இது எப்படி வந்தது என்பதே ஒரு கதை. 1913-ல் தோன்றிய அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரி, 1917-ல் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்தபட்சத் தகுதி என்று சில விதிகளை எழுதியது. பிறகு ஆட்களை அனுப்பிச் சோதித்தார்கள். 100 கட்டிலும் அதற்கு மேலும் கொண்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பார்த்ததில் தேறியவை எத்தனை தெரியுமா? 89! தேறாதவற்றில் பேர்பெற்ற ஆஸ்பத்திரிகளும் இருந்தன. 1919-ல் நியூயார்க்கில் கூடினார்கள். எண்ணிக்கையை மட்டும் வெளியிட்டார்கள். பெயர்ப் பட்டியலை அவர்கள் தங்கியிருந்த ஓட்டலின் அடுப்பிலே போட்டுக் கொளுத்திவிட்டார்கள். பெரிய மனிதர்களின் மானம் அப்படிக் காப்பாற்றப்பட்டது! ஆனால் விதி நின்றது. கண்டவர் கத்தி எடுப்பது குறைந்தது. அதை நாம் குறை சொல்ல முடியாது.

தற்காலிக டாக்டருக்கும் அங்கே ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவர் லீவில் போனால், கிராமத்து ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாமற் போனால், வெளியூரிலிருந்து ஒரு டாக்டரைச் சில வாரங்களுக்கு அழைப்பார்கள். ‘லோக்கம்’ என்று அவருக்குப் பெயர். இடத்தைக் காத்து நிற்பவர் என்று லத்தீன் மொழியில் அர்த்தமாம். கமிட்டி முழு விசாரணையை முடிக்கும்வரை அவருக்குத் தற்காலிக உரிமை கொடுக்கலாம். ஆனால் அது 120 நாளைத் தாண்டக் கூடாது என்பது அங்கே ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் கூட்டுக் கமிஷனின் விதி. 1990-லிருந்து டாக்டர்களின் பழைய குற்றங் குறைகளைத் திரட்டி வைத்த தேசியப் பதிவகம் ஒன்றும் இயங்குகிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். காலம் தற்காலிகம், சோதனை தற்காலிகமல்ல. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல விதி எல்லாம் நல்லவர் கையிலேயே இருக்கிறதா? இல்லையே! அதே அமெரிக்காவில் இந்த உரிமை, கறுப்பு டாக்டர்களை வெளியே நிறுத்தும் இரும்புக் கதவாக இருந்தது. படித்திருந்தாலும் பதிவு இருந்தாலும் வெள்ளையர் ஆஸ்பத்திரிக் கமிட்டி அவர்களுக்கு அனுமதி தராது. அதனாலேயே 1891-ல் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் சிக்காகோவில் ‘பிராவிடன்ட்’ என்று தனி ஆஸ்பத்திரியே தொடங்க வேண்டி வந்தது. வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்று ஓர் ஊர். ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற கறுப்புப் பல் டாக்டரிடம் பல்லில் சீழ் கட்டிய நோயாளி வந்தார். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். கறுப்பருக்கென்று இருந்த ஆஸ்பத்திரியிலோ இடமில்லை. சர்க்கார் பணம் வாங்கிக் கட்டிய மோசஸ் கோன் ஆஸ்பத்திரியில் சிம்கின்சுக்கு உரிமை இல்லை! 1962-ல் அவரும் தோழ டாக்டர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். 1963-ல் மேல்முறையீட்டுக் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1964-ல் சுப்ரீம் கோர்ட்டு அதில் தலையிட மறுத்தது. ஜனங்கள் வரிப்பணத்தில் கட்டிய ஆஸ்பத்திரி ஜனங்களில் ஒரு பகுதியை வெளியே நிறுத்த முடியாது என்று அன்றைக்கு ஆயிற்று.

இங்கே மட்டும் கதவு திறந்தா கிடந்தது? வெள்ளைக்காரன் காலத்தில் ஐ.எம்.எஸ். என்ற உயர்ந்த மருத்துவ உத்தியோகத்துக்குப் பரீட்சை லண்டனில் நடந்தது. கப்பலேறப் பணமுள்ளவன் எழுதுவான். 1914-ல் உலக யுத்தம் வந்தது. காயம்பட்ட சிப்பாய்களைப் பார்க்க ஆளில்லை. அப்போதுதான் நம்மவர்களைத் தேடித் தற்காலிக உத்தியோகம் கொடுத்தார்கள். நீதிக் கட்சியைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான டாக்டர் டி. எம். நாயர் ‘மெட்ராஸ்’ என்ற ஆஸ்பத்திரிக் கப்பலில் டாக்டராகப் போய்வந்தவர்தான். ஆபத்து வந்தால் தற்காலிகமாகக் கூப்பிடுவது, ஆபத்து தீர்ந்தால் கும்பிடு போட்டு அனுப்புவது என்ற பழக்கத்துக்கு நூறு வயசுக்கு மேல் ஆகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் பட்டம் பெற்று எழும்பூர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜனாக நுழைந்தபோது, அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். கொஞ்ச காலத்து உத்தியோகந்தான். ஆனாலும் அந்தக் கொஞ்சமும் அதுவரை பெண்ணுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

சரி, இன்றைய சங்கதிக்கு வருவோம். தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ‘உரிமைக் கமிட்டி’ என்று தனியே ஒன்றும் கிடையாது. வேலை ஆணைத் தாளே உரிமைத் தாள். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் பொதுச் சுகாதார இயக்ககத்தைச் சேர்ந்தது. தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவப் பணிகள் இயக்ககத்தை. கல்லூரி ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வி இயக்ககத்தை. நிரந்தர டாக்டரைத் தேர்ந்தெடுக்க 2012 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் இருக்கிறது. பரீட்சை உண்டு, இட ஒதுக்கீடு உண்டு, முறை உண்டு. மெத்தச் சரி. ஆனால் அந்தப் பரீட்சை ஆண்டுதோறும் பஞ்சாங்கம் போல வருவதில்லை. இடையில் இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலியை அடைக்க வருகிறவர்தான் தற்காலிக டாக்டர்.

முன்பு இதற்கு ஒரு விதி எண் உண்டு. 10(அ)(1) என்றால் சர்க்கார் உத்தியோகஸ்தர் எல்லோருக்கும் தெரியும்: அவசரத்துக்குத் தற்காலிகமாக ஆள் போடும் விதி. வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பட்டியலிலிருந்து டாக்டரை எடுத்து அதன்கீழ் போட்டார்கள், ஆண்டுகள் ஓடின, பிறகு அவர்கள் சிறப்புப் பரீட்சை எழுதித் தேற வேண்டியிருந்தது. இன்று மாவட்ட நலவாழ்வுச் சங்கம் விளம்பரம் போடுகிறது. டாக்டர் வேண்டும், தொகுப்பூதியம் இவ்வளவு, ஒப்பந்தம் 11 மாதம், எக்காலத்திலும் நிரந்தரம் கேட்கக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும். பட்டச் சான்று, மருத்துவ கவுன்சில் பதிவு, சாதிச் சான்று, பயிற்சி முடித்த கடிதம் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர் என்றால், 2002-லிருந்து இருக்கும் தகுதிப் பரீட்சையையும் தாண்டியிருக்க வேண்டும்.

ஏன் 11 மாதம்? 12 ஆனால் என்ன? அரிசி ஆலைத் தோழருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுமையானால் உரிமை பேசுவான் என்ற பயம்! மில்லில் ‘பதிலி’ என்று வைத்திருந்தார்களே, அதே தந்திரம். காலையில் கேட்டிலே நில். ஆள் வராவிட்டால் உள்ளே வா. வந்தால் வீட்டுக்குப் போ. அந்தக் கொடுமையை எதிர்த்துச் சங்கங்கள் போராடின. 1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆலைக்கும் பஸ் கம்பெனிக்கும் அது கைகொடுக்கும். சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டருக்கு அது துணை வராது. படித்தவன் பாதுகாப்பாக இருப்பான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம்முடைய பதிலித் தோழருக்குச் சட்டம் கொடுத்த 480 நாள் பலம்கூட அவருக்கில்லை.

சம்பளம் கிடைக்கிறதே, 60,000 ரூபாய் என்கிறார்களே, அவருக்கென்ன குறை என்று சில தோழர்கள் கேட்கலாம். கேளுங்கள். பொறுப்பைப் பாருங்கள் முதலில். சட்டப் புத்தகத்தில் ‘பதிவு பெற்ற மருத்துவர்’ என்று மட்டுமே இருக்கிறது. நிரந்தரர், தற்காலிகர் என்ற பிரிவு கிடையாது. விபத்துப் பதிவேட்டில் அவர் எழுதுகிறார். அடிபட்டவன் உடம்பிலுள்ள காயத்தை அளந்து குறிக்கிறார். இறப்புச் சான்றில் கையெழுத்துப் போடுகிறார். ராத்திரி 2 மணிக்குப் பாம்பு கடித்தவனைக் கொண்டுவந்தால் மருந்து கொடுக்கும் முடிவு அவருடையது. அவர் வேலையை விட்டு அனுப்பப்பட்டு நாலு வருஷம் கழித்து அந்த அடிதடி வழக்கு விசாரணைக்கு வரும். சம்மன் அவரைத் தேடிக்கொண்டு போகும். அவர் வேறு ஊரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். ஒப்பந்தம் 11 மாதத்தில் முடியும். சம்மனுக்கு அப்படி ஒரு தவணை உண்டா?

நோயாளி பக்கம் பாருங்கள். சர்க்கரை வியாதி பிடித்தால் சாகும்வரை மருந்து. ரத்தக் கொதிப்பும் அப்படியே. காசநோய்க்குச் சாதாரண நிலையிலேயே 6 மாதம் விடாமல் மாத்திரை விழுங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமற் போய்விடும். மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு கிழவர், “நீ சொன்னாத்தான் சாப்பிடுவேன் தம்பி” என்று ஒரு டாக்டரை நம்பி மாத்திரை விழுங்குகிறார் என்று வையுங்கள். மூன்றாம் மாதம் வருகிறார். நாற்காலியில் வேறு முகம். நான்காம் மாதம் வருகிறார், நாற்காலியே காலி. ஐந்தாம் மாதம் அவர் வருவாரா? காகிதத்தில் ‘தொடர் சிகிச்சைக்கு வரவில்லை’ என்று நோயாளிமேல் குற்றம் எழுதப்படும்!

கட்சி பேதமின்றி எல்லாச் சர்க்காரும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. 2020 டிசம்பர் 14-ல் அம்மா மினி கிளினிக் என்று தொடங்கினார்கள். 2,000 கிளினிக் என்று அறிவிப்பு; 1,820 டாக்டர்கள் தற்காலிகமாக நியமனம். 2022 ஜனவரியில் அவை மூடப்பட்டன என்று அடுத்து வந்த சர்க்காரின் மந்திரி சொன்னார். டாக்டர்களின் காலமும் மார்ச் 31-ந் தேதியோடு முடிந்தது. தொடங்கியவர் தேர்தலை நினைத்தார், மூடியவர் தொடங்கியவர் பெயரை நினைத்தார் என்று ஊரில் பேசிக்கொண்டதில் தப்பில்லை. கொரோனாக் காலத்தில் உயிரைப் பணயம் வைத்து வார்டில் நின்ற ஒப்பந்த நர்சுகள் 2,000 பேருக்கு மேல், 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு வேலை இல்லை என்று சொல்லப்பட்டுத் தெருவில் நின்றார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள், விளக்கேற்றினார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு மாச வாடகை கட்ட முடியுமா?

தற்காலிகமே கூடாது என்று சொல்லிவிடலாமா? கூடாது. திருவண்ணாமலைக்காரர் அப்படிச் சொல்ல முடியாது. கார்த்திகைத் தீபத்துக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். சுற்றுவதில் நமக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, மயங்கி விழுகிற கிழவிக்குத் தண்ணீரும் ஊசியும் கொடுக்க டாக்டர் வேண்டும். அந்த இரண்டு மூன்று நாளைக்கு வழிநெடுக முகாம் போட்டு வெளியூர் டாக்டர்களைக் கொண்டுவருவது அவசியம். வெள்ளம் வந்தால், கொள்ளைநோய் வந்தால் அவசியம். பிரசவ லீவில் போன டாக்டரம்மாவின் நாற்காலியைக் காக்க ஒருவர் அவசியம். வேலை தற்காலிகமானால் ஆளும் தற்காலிகமாக இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அதே வார்டு, அதே கூட்டம், அதே வேலை. ஆள் மட்டும் 11 மாதத்துக்கு ஒருமுறை புதிது என்றால், அதற்குப் பெயர் அவசரமா? சிக்கனம் என்கிறார்கள். ஏழையின் உடம்பில் செய்கிற சிக்கனம்!

கோர்ட்டுகள் இதில் இரண்டு குரலில் பேசியிருக்கின்றன. 2006 ஏப்ரல் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றி வந்த தற்காலிக ஊழியருக்கு நிரந்தரம் கேட்க உரிமையில்லை என்றார்கள். கொல்லைப்புற வழியை அடைக்க வந்த தீர்ப்பு அது. சர்க்கார்களோ அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, முன்வாசலையும் திறக்காமல் இருந்தார்கள். 2024 டிசம்பர் 20-ல் ஜக்கோ வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட்டு, நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்காக வாங்குவது நியாயமல்ல என்று கண்டித்தது. அந்த வழக்கைப் போட்டு ஜெயித்தவர்கள் யார் தெரியுமா? மத்திய சர்க்காரின் நீர்வளக் கமிஷன் ஆபீசில் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள். படித்தவர்கள் தயங்கி நின்ற இடத்தில் துடைப்பம் பிடித்த கை வழி திறந்திருக்கிறது!

கடல் தாண்டியும் இதே கதைதான். மலேயாவில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் டாக்டருக்குப் படித்தவர்கள். அங்கே 2016 டிசம்பரிலிருந்து புது டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கத் தொடங்கினார்கள். மேற்படிப்புக்கு வழி அடைபட்டது. 2021 ஜூலை 26-ந் தேதி, கொரோனா உச்சத்தில் இருந்தபோதே, அந்த ஒப்பந்த டாக்டர்கள் மலாய், சீனர், தமிழர் என்ற பேதமின்றிக் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து நின்றார்கள். நோயாளியைத் தவிக்க விடவில்லை. ஒரு பகுதியினர் உள்ளே வேலை பார்க்க, மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

நம் கோரிக்கை என்ன? அமெரிக்காக்காரனிடம் எடுத்துக்கொள்ளத் தக்கதை எடுத்துக்கொள்வோம்: சான்றுகளைக் கண்டிப்பாகச் சோதியுங்கள், போலி டாக்டர் ஒருவர்கூட நுழையக் கூடாது. ஆணைத் தாளில் ‘டாக்டர் வேலை’ என்று ஒற்றை வரி எழுதாமல், எந்த வார்டு, எந்தச் சிகிச்சை, சிக்கல் வந்தால் ராத்திரியில் எந்தப் பெரிய டாக்டரைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுங்கள். நேற்றுப் படித்து வந்த பிள்ளையை மலைமேல் தனியே விட்டுவிட்டு, தவறு நேர்ந்தால் அந்தப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். தற்காலிகத்துக்கு 120 நாள் என்பது போல் ஒரு வரம்பு கட்டுங்கள். அதைத் தாண்டி இடம் காலியாக இருந்தால் அது நிரந்தர இடம் என்று ஒப்புக்கொண்டு தேர்வு வாரியத்துக்கு அனுப்புங்கள். தேர்வை ஆண்டுக்கு ஒரு முறை தவறாமல் நடத்துங்கள். இட ஒதுக்கீட்டுக்காக ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உரிமை, ‘ஒப்பந்தம்’ என்ற பின்வாசல் வழியே ஒழுகிப்போக விடாதீர்கள். 45 நாளும் அதற்கு மேலும் நீடிக்கிற தற்காலிக நியமனத்துக்கும் இட ஒதுக்கீடு உண்டு என்று மத்திய சர்க்காரே உத்தரவு போட்டிருக்கிறது. அது ஒவ்வோர் ஒப்பந்த விளம்பரத்திலும் தெரியட்டும்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள். பட்டா கேட்டும், உதவித்தொகை கேட்டும் போகிற நம் தோழர்கள், அடுத்த முறை இன்னொரு மனுவையும் கையோடு கொண்டு போகலாம்: இந்த மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் டாக்டர் இடங்கள் எத்தனை, நிரந்தரமாக நிரம்பியவை எத்தனை, 11 மாதக்காரர் எத்தனை, காலி எத்தனை? தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதில் வந்ததும் கிளைக் கூட்டத்தில் படியுங்கள். சங்கப் பலகையில் ஒட்டுங்கள். அந்தப் பதினோரு மாத டாக்டருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.